சும்மா உட்காரும் பாடம்

அம்மா: கைய எடு.

மகன்: எதுக்கும்மா?

அம்மா: அப்பா நெஞ்சுல இருந்து கைய எடுடா.

மகன்: சும்மாதானே வச்சிருக்கேன்...

அம்மா: நீ சும்மா வச்சாலே அமுக்கப் போற மாதிரிதான் இருக்கு. உன் உத்தியோகம் அப்படி.

மகன்: ஆம்புலன்ஸ்ல வேலை பார்க்குறவன் கை நெஞ்சுக்குப் போகாம பாக்கெட்டுக்கா போகும்?

அம்மா: பாக்கெட்டுக்கே போகட்டும். ஒத்திகை ஆரம்பிச்சு இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. அதுக்குள்ள தப்பு.

மகன்: ஷிப்ட் நடுவுல வரச் சொல்லிட்டு ஒத்திகைங்கறே. சட்டையக்கூட மாத்தல நான்.

அம்மா: மாத்தாதே. அந்தச் சட்டைக்குத்தான் முதல்ல பாடம் எடுக்கணும்.

மகன்: ஏம்மா, அப்பா முழிச்சுட்டா என்ன நினைப்பாரு? "நான் சாகுறதுக்கு இப்பவே ஒத்திகை பார்க்குறீங்களா"ன்னு கேட்க மாட்டாரா?

அம்மா: பார்த்து வைன்னு சொன்னதே அவருதான். டிரைவிங் ஸ்கூல் நடத்தின மனுஷன். மைதானத்துல ஓட்டிப் பழகாதவன ரோட்டுல விட்டிருக்காரா என்னிக்காவது?

மகன்: என்னை விட்டாரே.

அம்மா: நீ மைதானத்துல கம்பத்தை இடிச்சே. ரோட்டுலயாவது கம்பம் ஓரமா இருக்கும்னு விட்டாரு.

மகன்: சரி சரி. இப்ப தூங்குறாரா?

அம்மா: மருந்து மயக்கம். தூங்கட்டும். நீ அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு இந்தப் பக்கம் உக்காரு... ஜன்னலை மறைக்காதே, காத்து அவருக்கு வரணும். ஆங். அப்படி.

மகன்: உக்காந்துட்டேன் டீச்சர்.

அம்மா: கிண்டல் வேணாம். உங்க அக்கா நம்ம தெருவுக்கும் கிளாஸ் எடுத்தா, உங்க ஆம்புலன்ஸ் ஸ்டேஷனுக்கும் எடுத்தா. நாங்க ஒரு வாரம் விடாம போனோம். நீ டிமிக்கி கொடுத்துட்டே. இப்ப அம்மாகிட்ட கத்துக்கோ.

மகன்: டூட்டிம்மா...

அம்மா: எனக்கே காது குத்தாதே. சாகப் போறவங்களை எப்படிப் பார்த்துக்கறதுன்னு பாடம்னதும் உனக்கு டூட்டி வந்துடுச்சு. மேல் வீட்டு அம்மா வந்தாங்க. வாட்ச்மேன் வந்தான். மருந்துக்கடைக்காரர் கடைய அடைச்சுட்டு வந்தாரு. கார் நிறுத்துற இடத்துல பாய் போட்டு, மேல் வீட்டு அம்மாவ நோயாளியா படுக்க வச்சுப் பழகினோம்.

மகன்: அவங்க படுத்தாங்களா?

அம்மா: படுத்ததோட குறட்டையும் விட்டாங்க. கிளாஸ் முடிஞ்சும் எழுந்திருக்கல.

மகன்: அவங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? நம்ம வீட்டு விஷயம்தானே.

அம்மா: நம்ம வீட்டு விஷயமா? பெரியப்பா வீட்டுல என்ன நடந்துச்சு? எல்லாத்துக்கும் தயாரா வீட்டுல படுத்திருந்தாரு. பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான், பதறினான், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டான். வந்தவங்க பெரியப்பாவத் தரையில இறக்கி, நெஞ்சை அமுக்கி, தொண்டையில குழாயச் சொருகி... லிப்ட் வாசல்ல முடிஞ்சுது. பெரியம்மாவால கையப் பிடிக்க முடியல. எட்ட நின்னு பார்த்தாங்க.

மகன்: வந்தவங்க மேல தப்பில்லம்மா. கூப்பிட்டா அதைத்தான் செய்யணும். எங்க வேலையே அது.

அம்மா: நான் தப்புன்னு சொன்னேனா? கூப்பிட்டா அதைத்தான் செய்வீங்க. அதனால கூப்பிடக் கூடாது. உங்கப்பா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். "என்னை யாரும் அமுக்கக் கூடாது. இந்தக் கட்டில்ல, இந்த ஜன்னல் பக்கத்துல விட்டுடுங்க"ன்னாரு. டாக்டரும் சரின்னுட்டாரு. தெரு முழுக்க சொல்லியாச்சு. மிச்சம் இருக்குறது நீ ஒருத்தன்.

மகன்: நான் என்ன எதிரியா?

அம்மா: நீ மகன். அதான் பயமா இருக்கு. ஆரம்பிப்போம். அவருக்கு உதடு காஞ்சு போயிருக்குன்னு வச்சுக்கோ.

மகன்: வச்சுக்கிட்டேன். தண்ணி கொடுப்பேன்.

அம்மா: எதுல?

மகன்: டம்ளர்லதான். வேற எதுல?

அம்மா: தப்பு. முழுங்க முடியாதவருக்குத் தண்ணி ஊத்தினா நெஞ்சுக்குள்ள போய்டும். பாசம்னு நினைச்சுத் திணறடிக்கிற வேலை அது. இந்தா, இந்தப் பஞ்சை நனைச்சுப் பிழி. உதட்டுல ஒத்து. தேய்க்காதே, ஒத்தணும்... கன்னத்துக்கு உள்பக்கமும்.

மகன்: இப்படியா?

அம்மா: கொஞ்சம் மெதுவா. கார் கண்ணாடி துடைக்கிற மாதிரி துடைக்கிறே.

மகன்: வாய அசைக்கிறாரும்மா.

அம்மா: ம். பிடிச்சிருக்கு அவருக்கு. அடுத்தது. கால் சில்லுன்னு ஆகுதுன்னு வச்சுக்கோ.

மகன்: சில்லுன்னுதான் இருக்கு.

அம்மா: ஃபேன் காத்து. நீ பதில் சொல்லு.

மகன்: பரபரன்னு தேய்ச்சு விடுவேன். வெந்நீர் பை வைப்பேன்.

அம்மா: ரெண்டும் வேணாம். மெல்லிசா ஒரு போர்வை போதும். ரத்தம் கால் வரைக்கும் வந்து சேர மாட்டேங்குது, அவ்வளவுதான். நமக்குத்தான் தொட்டா திக்குன்னு இருக்கும். அவருக்குக் குளிராது.

மகன்: இதெல்லாம் அக்கா சொன்னாளா?

அம்மா: அவ சொன்னா. நான் ரெண்டு தடவை சந்தேகம் கேட்டேன். மூணாவது தடவை கேட்டதுக்கு முறைச்சா.

மகன்: அம்மா... மூச்சுல ஏதோ களகளன்னு...

அம்மா: கேட்குது. நானே அதைத்தான் அடுத்து கேட்கலாம்னு இருந்தேன். ஒத்திகைக்கு வசதியாப் போச்சு. என்ன செய்வே?

மகன்: குழாய் விட்டு சளிய உறிஞ்சுவேன். கீழ வண்டியில மெஷின் இருக்கு. ஓடிப் போய்...

அம்மா: உக்காரு.

மகன்: ஒரு நிமிஷம்தான்மா. ஆக்சிஜனும் எடுத்துட்டு வந்துடுறேன்.

அம்மா: உக்காருடா. குழாயும் வேணாம், ஆக்சிஜனும் வேணாம். தோளப் பிடி. இடுப்பை நான் பிடிக்கிறேன். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கலாம்... மெதுவா... முதுகுக்குத் தலகாணி. தலைய லேசா கீழ. பார்த்தியா, சத்தம் குறைஞ்சுடுச்சு.

மகன்: முழுசாப் போகலையே.

அம்மா: போகாது. அந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டம். அவருக்கு இல்ல.

மகன்: அவருக்கு இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: புருவத்தைப் பாரு. நெத்தி சுருங்கியிருக்கா? கை விரலு எதையாவது இறுக்கிப் பிடிச்சிருக்கா? கஷ்டம்னா அங்க தெரியும். அப்படித் தெரிஞ்சா மட்டும் நாக்குக்கு அடியில இந்த மருந்து. டாக்டர் அளவு சொல்லியிருக்காரு. இப்ப தேவையில்ல.

மகன்: என் போன் எங்கம்மா? இங்கதானே வச்சேன்.

அம்மா: அரிசி டப்பாவுல.

மகன்: அரிசி டப்பாவுலயா?

அம்மா: மேல அரிசியப் போட்டு மூடிட்டேன். ஒத்திகை முடிஞ்சதும் அலசிக் கொடுக்குறேன்.

மகன்: அலசிடாதே, புது போன்... ஸ்டேஷன்ல தேடுவாங்கம்மா.

அம்மா: லீவு சொல்லிட்டேன், உங்க ஸ்டேஷன் அதிகாரிகிட்ட. "எவ்வளவு நேரம் வேணுமோ இருக்கட்டும்மா"ன்னாரு. நல்ல மனுஷன். அக்கா கிளாஸுக்கு முத ஆளா வந்தவராம் அவரு.

மகன்: உன் போன்தான் அடிக்குது.

அம்மா: அக்காதான். ஸ்பீக்கர்ல போடு, என் கை ஈரம்.

அக்கா: அம்மா... என்னம்மா, எப்படி இருக்காரு?

அம்மா: தூங்குறாரு. இங்க உன் தம்பிக்குப் பாடம் நடக்குது.

அக்கா: சைரன் வந்துட்டானா?

மகன்: அப்படிக் கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?

அக்கா: அப்பா வச்ச பேரு. பொறந்தப்ப நீ கத்தின கத்துல ஆஸ்பத்திரியே வழிவிட்டுச்சாம். அம்மா, இவன் ஏதாவது கத்துக்கிட்டானா?

அம்மா: ஃபெயில். ஆனா முயற்சி பண்றான்.

அக்கா: எங்கிட்ட வராம ஓடினவனுக்கு இப்ப வீட்டுல டியூஷனா? இங்க கிளாஸுக்கு ஹால் நிறைய ஆள் உக்காந்திருக்காங்கம்மா. டிரைவருங்க, நர்ஸுங்க, ரெண்டு டாக்டருங்க. டாக்டருங்க ரெண்டு பேரும் கதவுப் பக்கத்துல உக்காந்து வாட்சைப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

அம்மா: கதவைச் சாத்து.

அக்கா: சாத்திட்டேன்... அம்மா, முட்டி எப்படி இருக்கு?

அம்மா: காலைல நீ பார்த்த மாதிரிதான். கொஞ்சம் கூடியிருக்கு.

மகன்: முட்டிக்கு என்ன?

அம்மா: என் முட்டிதான். மாடி ஏறினா வலிக்குது.

அக்கா: அம்மா, நான் கிளம்பி வரட்டுமா? வேற யாரையாவது எடுக்கச் சொல்லிட்டு...

அம்மா: காலைல அவரு உன்கிட்ட என்ன சொன்னாரு?

அக்கா: கிளாஸைப் பாதியில விடாதேன்னு.

அம்மா: நீ அவருகிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டியா?

அக்கா: சொல்லிட்டேன். முத்தமும் கொடுத்துட்டேன். மீசை குத்துச்சு.

அம்மா: அப்புறம் என்ன? அந்த டாக்டருங்க ரெண்டு பேருக்கும் புரியுற வரைக்கும் விடாதே. நாளைக்கு அவங்க கைல எத்தனை பேரு வந்து மாட்டப் போறாங்களோ.

அக்கா: சரிம்மா... டேய்.

மகன்: சொல்லு.

அக்கா: அம்மா சொல்றதைக் கேளு. இன்னிக்கு மட்டும் எதிர்த்துப் பேசாதே.

மகன்: கேட்குறேன். நீ போய் எடு.

அம்மா: வச்சுட்டாளா?

மகன்: வச்சுட்டா. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு.

அம்மா: ஹால்ல ஏசி போட்டிருப்பாங்க. தொண்டை கட்டியிருக்கும்... சரி, அடுத்த பாடம். இப்ப நீ அவருகிட்ட பேசணும்.

மகன்: தூங்குறவருகிட்டயா?

அம்மா: காது கடைசியிலதான் மூடும்னு சொல்லிக் கொடுத்தா. கட்டிலச் சுத்தி நின்னுக்கிட்டு யாரு எப்ப வர்றா, என்ன ஏற்பாடுன்னு பேசக் கூடாது. அவருகிட்ட பேசணும். நான் தினம் பேசுறேன். நீ பேசு.

மகன்: என்னத்தைப் பேசுறது?

அம்மா: அது உன் பாடு. அதுக்கெல்லாம் பாடம் கிடையாது.

மகன்: அப்பா... ம்... கீழ வண்டிய ரிவர்ஸ் எடுத்து ஒரே தடவையில நிறுத்திட்டேன்ப்பா. இந்தச் சந்துல.

அம்மா: வண்டிய விடுடா.

மகன்: இரும்மா. அவருகிட்ட வேற என்ன பேசியிருக்கேன் நான்? வண்டிதான்... அப்பா, லைசென்ஸ் வாங்கின அன்னிக்கு என்னை ஓட்டச் சொல்லிட்டு நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்தீங்க. ஞாபகம் இருக்கா? பாராட்டி ஒரு வார்த்தை சொல்லல. கொஞ்ச தூரம் போனதும் தூங்கிட்டீங்க. எவன் ஓட்டினாலும் பிரேக்குல காலை வச்சுக்கிட்டே வர்ற ஆளு. நான் ஓட்டும்போது தூங்கினீங்க. அதுக்கு மேல ஒரு பாராட்டு எனக்குத் தேவைப்படலப்பா. இதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். வெக்கமா இருந்துச்சு...

அம்மா: பேசு. நிறுத்தாதே.

மகன்: இப்பவும் தூங்குங்க. நான் முழிச்சிருக்கேன். அம்மாவ நான் பார்த்துக்குறேன். அக்காவும் இருக்கா. எங்களை நினைச்சு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்ப்பா... போதுமாம்மா?

அம்மா: போதும். போதும்டா கண்ணா.

மகன்: நீ அழுறியா?

அம்மா: பஞ்சு நனைச்ச கைய முகத்துல வச்சுட்டேன். பாடத்தைப் பாரு. இப்ப மூச்சு விட்டு விட்டு வருது.

மகன்: ம்.

அம்மா: ஒண்ணு வந்துட்டு, நடுவுல நின்னுட்டு, அப்புறம் ஒண்ணு. இப்படி வந்தா பயப்படக் கூடாது. வாசல் வரைக்கும் போய்ட்டு எதையோ மறந்த மாதிரி திரும்பி வர்றதுதான்னு அக்கா சொன்னா.

மகன்: எங்க வேலையில இதைப் பார்க்கவே மாட்டோம்மா. நாங்க போய்ச் சேரும்போது ஒண்ணு இருப்பாங்க, இல்ல போயிருப்பாங்க. நடுவுல இருக்குறதைப் பார்த்ததில்ல.

அம்மா: இப்ப பாரு. அவரு கையப் பிடிச்சுக்கோ. நான் இந்தக் கையப் பிடிச்சுக்குறேன்... இறுக்காதே. உன் கை மேல அவரு கை இருக்கட்டும். அவரு எடுக்கணும்னா எடுக்கட்டும்.

மகன்: ம்மா...

அம்மா: என்ன?

மகன்: ரொம்ப நேரமா வரலம்மா.

அம்மா: வரும். இரு... வந்துடுச்சு பாரு. புருவத்தைப் பார்த்துக்கிட்டே இரு. நெத்தி எப்படி இருக்கு?

மகன்: அப்படியேதான். சுருங்கல.

அம்மா: அவ்வளவுதான் நமக்கு வேணும்.

மகன்: ...அம்மா.

அம்மா: ம்.

மகன்: இந்தத் தடவை...

அம்மா: மூச்சு நின்னுடுச்சுன்னு வச்சுக்கோ.

மகன்: வச்சுக்கிட்டேன்.

அம்மா: இப்ப என்ன செய்யணும்?

மகன்: ஒண்ணும் செய்யக் கூடாது.

அம்மா: சரியான பதில். இப்ப அதைச் செய்.

மகன்: கை போகுதும்மா. தானா போகுது. என்னால...

அம்மா: அந்தக் கைய இங்க கொடு. கட்டிலுக்கு மேல நீட்டு. என் கையப் பிடிச்சுக்கோ. என் விரலு உடைஞ்சாலும் பரவாயில்ல, இறுக்கிக்கோ.

மகன்: ...

அம்மா: உனக்குத் தெரிஞ்ச வேலையிலயே கஷ்டமான வேலை இதுதான். இதைச் செஞ்சு முடி.

மகன்: ...

அம்மா: கடைசியா ஒரு மூச்சு வந்தாலும் வரும். அது வந்துச்சுன்னு எழுந்துடக் கூடாது.

மகன்: வந்துடுச்சு.

அம்மா: ம். பார்த்தேன்.

மகன்: ...

அம்மா: ...

மகன்: எவ்வளவு நேரம்மா இப்படி உக்காரணும்?

அம்மா: நமக்குப் போதும்னு தோணுற வரைக்கும். டாக்டருக்கு மெதுவா சொல்லலாம். எப்ப கூப்பிட்டாலும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. எதுக்கும் ஓட வேண்டியதில்ல. யாரும் இங்க ஓடி வர மாட்டாங்க.

மகன்: முகம் எப்படி இருக்கு பாரேன்.

அம்மா: நல்லா இருக்கு. கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நிம்மதியா இல்ல. அன்னிக்குப் பூரா என் சித்தப்பா இவரு வண்டிய ஓட்டிப் பார்க்கணும்னு அடம் பிடிச்சுக்கிட்டிருந்தாரு.

மகன்: சிரிக்கிறியாம்மா?

அம்மா: தெரியலடா. ரெண்டும் சேர்ந்து வருது.

மகன்: வரட்டும்.

அம்மா: டேய்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

மகன்: சொல்லு.

அம்மா: இது ஒத்திகை இல்ல. காலைல முட்டி நிறம் மாறினப்பவே தெரிஞ்சுடுச்சு, இன்னிக்குத்தான்னு. அவரு முட்டி, என்னோடது இல்ல. போற நேரம் நெருங்கினா முட்டி நீலம் பாய்ஞ்சுடும்னு கிளாஸ்ல சொன்னா. அக்காவுக்கும் தெரியும். நிஜம்னு சொன்னா உன்னால கையக் கட்டிக்கிட்டு உக்கார முடியாது. மெஷினும் குழாயுமா வந்து நிப்பே. அவரு கேட்ட ஒண்ணே ஒண்ணும் நடக்காமப் போய்டும். அதான் பொய் சொல்லிக் கூப்பிட்டேன். எனக்கு வேற வழி தெரியலடா.

மகன்: எனக்குத் தெரியும்மா.

அம்மா: என்ன தெரியும்?

மகன்: வாசல்ல ஷூவக் கழட்டும்போதே அந்தக் களகள மூச்சு கேட்டுச்சு.

அம்மா: தெரிஞ்சுக்கிட்டேவா... அப்ப டம்ளர்ல தண்ணி கொடுப்பேன், காலைத் தேய்ப்பேன், குழாய் விடுவேன்னு எதைக் கேட்டாலும் ஏன்டா தப்புத் தப்பா சொன்னே?

மகன்: போன மாசமே வேற ஸ்டேஷனுக்குப் போய், வேற ஒருத்தர் எடுத்த அதே கிளாஸ்ல கடைசி வரிசையில உக்காந்துட்டு வந்துட்டேன்மா, அக்காவுக்கே தெரியாது. அனுப்பினதே அப்பாதான். "எல்லாத்தையும் ஒழுங்காக் கத்துக்கோ, ஆனா கத்துக்கிட்டேன்னு உங்கம்மாகிட்ட வாயத் திறக்காதே. அந்த நேரத்துல அவ பக்கத்துல ஒண்ணும் தெரியாத ஒருத்தன் உக்காந்திருக்கணும். சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருந்தா அவ தாங்கிப்பா"ன்னாரு.